சாப்பாட்டு மேசைக் காட்சி: இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், எடிட்டில் காப்பாற்ற முடியுமா?

மஞ்சள்வெயில்

வணக்கம். நண்பர் ஒருவர் எடுத்த குறும்படத்தை எடிட் செய்துகொண்டிருக்கிறேன். படத்தின் உயிரே நடுவில் வரும் ஒரு சாப்பாட்டு மேசைக் காட்சிதான். அப்பா, அம்மா, மகள் என்று மூன்று பேர். வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகப்போகிறேன் என்கிறாள் மகள். அப்பா மறுக்கிறார். அம்மா யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் பரிமாறிக்கொண்டிருக்கிறாள்.

மேசையின் ஒரு முனையில் அப்பா, எதிர் முனையில் மகள். அம்மா ஜன்னல் பக்கம். முதல் நாள் இரவு கேமரா முழுக்கச் சமையலறைப் பக்கம் நின்றிருக்கிறது. மறுநாள் இரவு, ஜன்னல் பக்கம் லைட் வைக்க வசதி என்று கேமராவை அங்கே கொண்டுபோய்விட்டார்கள். அப்பாவின் குளோஸ் ஷாட்கள் முதல் நாள் எடுத்தவை, எல்லாமே கேமரா ரைட் லுக், அதாவது ஃபிரேமின் வலப் பக்கம் பார்க்கிறார். மகளின் குளோஸ்கள் இரண்டாம் நாள் எடுத்தவை, அவையும் கேமரா ரைட் லுக்! அடுத்தடுத்து வைத்தால் அப்பாவும் மகளும் சேர்ந்து வேறு யாரிடமோ பேசுவது போல இருக்கிறது. சண்டையின் சூடே வரவில்லை.

மூவரும் ஒன்றாகத் தெரியும் மாஸ்டர் ஷாட் முதல் பாதிக்கு மட்டும்தான் உண்டு. அந்த வீட்டைக் காலி செய்துவிட்டார்கள், ரீஷூட்டுக்கு வழி இல்லை. மகளின் ஷாட்களை இடவலம் மாற்றி ஃபிளிப் செய்துவிட்டால் தீர்ந்துவிடுமா? அப்புறம் ஒரு பொதுவான கேள்வியும் உண்டு. நடிகர்களின் பார்வையை வைத்தே ஒரு காட்சியைப் பிடித்து நிறுத்துவது என்கிறார்களே, அதை எப்படிக் கற்றுக்கொள்வது?

ரஷ்பிரிண்ட்

தம்பி, ஃபிளிப்பில் கை வைப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். இது சாப்பாட்டுக் காட்சி. ஃபிளிப் செய்தால் அந்தப் பெண் இடது கையால் சாப்பிடுவாள். நம் ஊர்ப் பார்வையாளர்களுக்கு அது ஒரு நொடியில் உறுத்தும். லைன் கிராஸ் ஆனதை, அதாவது பேசுபவர்களுக்கு நடுவே உள்ள கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டியதைக்கூடக் கவனிக்காதவர்கள் இதைக் கட்டாயம் கவனிப்பார்கள். புடவை என்றால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். சட்டை என்றால் பாக்கெட் இடம் மாறும். ஒற்றை மூக்குத்தி, தலை வகிடு, கன்னத்து மச்சம், பின்னால் தொங்கும் காலண்டரின் எழுத்து என்று எல்லாம் சாட்சி சொல்லும். கையும் எழுத்தும் தெரியாத குளோஸ் ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் ஃபிளிப்பைக் கடைசி மருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது வேறு. சவுண்டை மியூட் செய்துவிட்டு ரஷ் (வெட்டாத மூல ஷாட்கள்) முழுவதையும் ஒரு தடவை ஓடவிடுங்கள். வசனம் கேட்டால் மூளை அதன் பின்னால் போய்விடும், கண் வேலை செய்யாது. ஒவ்வொரு டேக்கிலும் யார், எந்தப் பக்கம், எந்த உயரத்தில் பார்க்கிறார், பார்வை எந்த இடத்தில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகர்கிறது என்று காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பாக அந்த நகர்வுகள். "கட்" சொன்ன பிறகும் கேமரா ஓடியிருந்தால் அதையும் பாருங்கள். வசனம் முடிந்ததும் நடிகர் தன்னை மறந்து எதிராளியைத் திரும்பிப் பார்ப்பது அங்கேதான் கிடைக்கும்.

ஏன் நகர்வு முக்கியம் என்று சொல்கிறேன். இமேஜினரி லைன் என்று நாம் சொல்லும் கோடு தரையில் வரைந்து வைத்ததல்ல. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்கும்போது அவர்களுடைய கண்களுக்கு நடுவே அது பிறக்கிறது. அப்பாவும் மகளும் பார்த்துக்கொண்டால் ஒரு கோடு. மகள் பார்வையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தால் அங்கே புதிய கோடு. பழையது அந்த நேரத்துக்குச் செத்துவிடும். மூன்று பேர் உள்ள காட்சியில் உங்களுக்குக் கிடைக்கிற பெரிய சலுகை இது. திரையில் நடக்கிற ஒரு பார்வைத் திருப்பத்தைக் காட்டிவிட்டீர்கள் என்றால், கேமரா பக்கம் மாறுவதற்குப் பார்வையாளர்களிடம் அனுமதி வாங்கிவிட்டீர்கள்.

அம்மா பரிமாறுகிறாள் என்றீர்களே, மேசையைச் சுற்றி எழுந்து போகிறாளா?

தேனிக்காரன்

இதற்கு இவ்வளவு கவலை தேவையா? பெரும்பாலானோர் ஃபோனில்தான் பார்க்கப்போகிறார்கள். கதை இழுத்துப் பிடித்தால் யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று ஒருவரும் கணக்கெடுக்க மாட்டார்கள். ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓஸூவின் "டோக்கியோ ஸ்டோரி" 1953-ல் வந்தது. அதில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பது போன்ற ஷாட்கள் எத்தனையோ உண்டு. கேமரா கோட்டின் ஒரே பக்கம் நிற்க வேண்டும் என்கிற 180 டிகிரி விதியை அவர் மதிக்கவே இல்லை. உலகத்தின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாக அதைத்தான் வைத்திருக்கிறார்கள். விதியை முதலில் வைத்து உணர்ச்சியை அப்புறம் வைப்பது தலைகீழ் வேலை என்பது என் கருத்து.

நிழல்குடை

தேனிக்காரன் தம்பி, உணர்ச்சிதான் முதலில் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஓஸூவைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். இந்தக் கேள்விக்கு அவரைவிட நல்ல பாடம் கிடையாது.

கோட்டைத் தாண்டியதற்குப் பதிலாக அவர் எதையெல்லாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் என்று பாருங்கள். கேமரா எப்போதும் தாழ்வாக, பாயில் உட்கார்ந்திருப்பவர்களின் உயரத்துக்கும் கீழே இருக்கும். லென்ஸ் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் 50 மி.மீ. எதிரெதிர் ஷாட்களில் முகத்தின் அளவு ஒன்று, திரையில் முகம் இருக்கிற இடம் ஒன்று, பார்வையும் லென்ஸை ஒட்டியே இருக்கும். நடிகர் சிஷூ ரியூவின் முகம் இருந்த அதே இடத்தில் நடிகை செட்சுகோ ஹாராவின் முகம் வந்து உட்காரும். நம் கண் திரையில் எங்கேயும் ஓட வேண்டியதில்லை. பார்வை லென்ஸுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் இடம், வலம் என்ற வித்தியாசமே மெலிந்துபோகிறது. பேசுபவர் நம்மிடமே பேசுவது போல இருக்கிறது. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை இதே முறைதான். பத்து நிமிடத்தில் நாம் அந்த மொழிக்குப் பழகிவிடுகிறோம்.

மஞ்சள்வெயிலின் ரஷ் அப்படிப்பட்டதா? அப்பாவின் குளோஸ் வேறு லென்ஸாக இருக்கலாம், மகளின் குளோஸ் வேறு உயரத்தில் இருக்கலாம். ஒருவர் லென்ஸிலிருந்து ரொம்பத் தள்ளிப் பார்ப்பார், மற்றவர் கிட்டே பார்ப்பார். ஒரு கட்டுப்பாட்டை விடுவதென்றால் அதன் இடத்தில் இன்னொன்று நிற்க வேண்டும். ஓஸூவிடம் அது நின்றது.

இன்னொரு படமும் சொல்கிறேன். "த சைலன்ஸ் ஆஃப் த லேம்ப்ஸ்", 1991. இயக்குநர் ஜோனத்தன் டெம்மி, ஒளிப்பதிவு டாக் ஃபுஜிமோட்டோ, எடிட்டிங் கிரெய்க் மெக்கே. ஜோடி ஃபாஸ்டர் நடித்த கிளாரிஸிடம் பேசும் ஆண்கள் பல இடங்களில் நேராக லென்ஸைப் பார்த்துப் பேசுவார்கள். ஆந்தனி ஹாப்கின்ஸின் அந்தப் பார்வையை யாரும் மறக்க முடியாது. ஆனால் ஜோடி ஃபாஸ்டரின் பார்வை பெரும்பாலும் லென்ஸுக்குக் கொஞ்சம் பக்கத்தில் விழும். இரண்டு பார்வையும் கணக்குப்படி ஒத்துப்போகாதுதான். அந்தப் பொருந்தாமையே காட்சிக்கு வேலை செய்கிறது. ஆண்களால் முறைக்கப்படுகிற இடத்தில் நம்மை உட்கார வைக்கிறது, கிளாரிஸின் இடத்தில். அவளையே லென்ஸைப் பார்க்க வைத்திருந்தால் நாம் ஹாப்கின்ஸின் நாற்காலிக்குப் போயிருப்போம். காட்சி யாருடையது என்பதை அங்கே ஒரு சில டிகிரி பார்வை வித்தியாசம் முடிவு செய்கிறது.

உங்கள் படத்துக்கும் அதுதான் என் முதல் கேள்வி, மஞ்சள்வெயில். இந்தச் சாப்பாட்டுக் காட்சி யாருடையது? அது தெரியாமல் எந்த ஷாட்டை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்ய முடியாது.

மஞ்சள்வெயில்

ரஷ்பிரிண்ட் அண்ணா, ஆமாம். அம்மா ரசம் எடுக்க எழுந்து மேசையைச் சுற்றிச் சமையலறைப் பக்கம் போகிறாள். அங்கேயே நின்றுகொண்டு மகளைப் பார்க்கிறாள். இரண்டாம் நாள் எடுத்தது.

நிழல்குடை அக்கா, காட்சி மகளுடையது என்றுதான் நேற்று வரை நினைத்தேன். மியூட் செய்து பார்த்ததும் சந்தேகமாகிவிட்டது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே குறைவு. இரண்டு பேரும் அம்மாவைத்தான் அடிக்கடி பார்க்கிறார்கள், அவள் ஏதாவது சொல்வாளா என்று.

பழைய மூவியோலா

நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். நான் கொஞ்சம் பின்னால் போகிறேன். பார்வைக்கு எவ்வளவு பலம் உண்டு என்று முதலில் சோதித்துப் பார்த்தவர்கள் ரஷ்யர்கள்.

இயக்குநர் லெவ் குலஷோவின் பெயரைச் சொன்னால் எல்லோரும் நடிகர் மோஸ்ஜூகின் முகத்தைச் சொல்வார்கள். உணர்ச்சி காட்டாத ஒரே முகம், அதன் பக்கத்தில் சூப் கிண்ணத்தை வைத்தால் பசி, சவப்பெட்டியை வைத்தால் துக்கம் என்று. எனக்கு அவருடைய இன்னொரு சோதனைதான் பெரிதாகப் படுகிறது. 1920 வாக்கில் செய்தது. ஓர் ஆணும் பெண்ணும் மாஸ்கோவின் வேறு வேறு தெருக்களில் நடந்து வருகிறார்கள். சந்திக்கிறார்கள், ஒரு திசையைக் காட்டிப் பார்க்கிறார்கள். அடுத்த ஷாட், வாஷிங்டனின் வெள்ளை மாளிகை. அது ஏதோ ஓர் அமெரிக்கப் படத்திலிருந்து எடுத்த துண்டு. அடுத்த ஷாட்டில் இருவரும் படியேறுகிறார்கள். அந்தப் படிகள் மாஸ்கோவின் ஒரு தேவாலயத்துடையவை. பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரே இடமாகத் தெரிந்தது. பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்த கட்டடத்தை இரண்டு பேரின் பார்வை மாஸ்கோ தெருமுனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

நாம் எடிட்டில் தினமும் செய்வது இதையேதான். ஒருவர் ஃபிரேமுக்கு வெளியே பார்த்தார் என்றால் அங்கே என்ன இருக்கிறது என்ற கேள்வி பார்ப்பவர் மனதில் விழுந்துவிடும். அடுத்து எதை வைத்தாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்வார்கள். கேள்வி எவ்வளவு பலமாக விழுகிறதோ அவ்வளவுக்கு, பதிலில் இருக்கும் இடப் பிழை கண்ணில் படாமல் போகும்.

ஹிட்ச்காக்கின் "ரியர் விண்டோ" முழுப் படமும் இந்த ஒன்றில் நிற்கிறது. 1954-ல் வந்தது, எடிட்டர் ஜார்ஜ் டோமாசினி. காலில் கட்டுப் போட்டு நாற்காலியில் கிடக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பார்க்கிறார், எதிர் வீட்டு ஜன்னல் தெரிகிறது, மறுபடி அவர் முகம். திரும்பத் திரும்ப இதே மூன்று துண்டுகள்தான். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நாம் பெரும்பாலும் அவருடைய பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிறகு ஒரு கட்டத்தில் எதிர் வீட்டு ஆள் தலையைத் தூக்கி நேராக நம்மைப் பார்க்கிறான். அவ்வளவு நேரம் ஒருவழிப் பாதையாக இருந்த பார்வை திரும்பி வருகிறது. துப்பாக்கி வெடித்தால்கூட அப்படித் தூக்கிப்போடாது. முன்னால் வந்த அத்தனை ஷாட்களிலும் பார்வையின் திசை ஒழுங்காகக் காக்கப்பட்டதால்தான் அந்த ஒரு ஷாட்டுக்கு அந்த பலம்.

தேனிக்காரன்

அந்த "ரியர் விண்டோ" ஷாட் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு ஒன்று இடிக்கிறது. நல்ல கட்டுக்கு வால்டர் மர்ச் சொல்லும் ஆறு அளவுகோல்களில் உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. பார்வைக்கு வெறும் 7 சதவீதம். அவ்வளவு பெரிய எடிட்டரே ஏழுதான் கொடுக்கிறார்.

ரஷ்பிரிண்ட்

இங்கே பலரும் குழம்புவதுண்டு, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். மர்ச் சொல்லும் அந்த ஏழு சதவீதம் பார்வையாளரின் கண்ணைப் பற்றியது. கட் விழும் நொடியில் பார்ப்பவர் திரையின் எந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அடுத்த ஷாட்டின் முக்கிய விஷயம் அந்த மூலைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பது. நடிகர் எந்தத் திசையில் பார்க்கிறார், கோடு தாண்டியதா என்பதெல்லாம் அதற்கு அடுத்த அளவுகோலில், திரையின் தட்டைத் தளம் பற்றியதில் வரும். அதற்கு அவர் கொடுப்பது 5. முப்பரிமாண இடத்துக்கு 4. ஆக உங்கள் வாதத்துக்கு நான் இன்னும் இரண்டு சதவீதம் சேர்த்தே கொடுக்கிறேன்.

ஆனால் நடிகரின் பார்வை அந்த ஐந்துக்குள் மட்டும் அடங்கிவிடுவதில்லை. மகள் அப்பாவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்க்கிறாள் என்றால் அது உணர்ச்சி. அம்மா பார்வையைத் தட்டுக்குத் தாழ்த்திக்கொள்கிறாள் என்றால் அது கதை. எத்தனை நொடி தாழ்த்தியிருக்கிறாள் என்பது தாளம். திசை சரியாக இருக்கிறதா என்பது மட்டும்தான் கடைசியில் வரும் ஐந்து.

மர்ச்சைப் பற்றியே இன்னொன்று. கப்போலாவின் "த கான்வர்சேஷன்" (1974) படத்தை வெட்டும்போது, தான் கட் செய்ய நினைக்கிற இடத்துக்கு மிகப் பக்கத்தில் ஜீன் ஹேக்மன் கண் சிமிட்டுவதை அவர் கவனித்தார். ஓர் எண்ணம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் மனிதன் சிமிட்டுகிறான் என்று அதிலிருந்து அவர் யோசித்துக்கொண்டு போனார். உங்கள் ரஷ்ஷிலும் பாருங்கள். நல்ல நடிகர் எண்ணம் மாறாமல் பார்வையை மாற்ற மாட்டார்.

மஞ்சள்வெயில்

அண்ணா, அப்படியானால் கட் எங்கே வைப்பது? பார்வை நகரத் தொடங்கும்போதா, போய்ச் சேர்ந்த பிறகா? நான் இதுவரை வசனம் முடிகிற இடத்தை வைத்துத்தான் கட் செய்கிறேன்.

ரஷ்பிரிண்ட்

வசனம் முடியும் இடத்தில் கட் செய்தால் யார் பேசுகிறாரோ அவரையே காட்டிக்கொண்டிருப்பீர்கள். டென்னிஸ் மேட்ச் மாதிரி தலை இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டே இருக்கும். பார்வையை வைத்து கட் செய்து பாருங்கள், காட்சி மூச்சு விடத் தொடங்கும்.

பொதுவாக உடம்பில் முதலில் நகர்வது கண். பிறகு தலை, பிறகு தோள். பரதநாட்டியம் கற்றுத் தருபவர்கள் கை போகிற இடத்துக்குக் கண் போக வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். பார்ப்பவரின் கவனத்தைக் கண் எப்படி இழுக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. திரையில் ஒருவருடைய கண் திரும்பினால் நம் கண்ணும் தானாக அந்தப் பக்கம் கிளம்பிவிடும். ஆனால் ஏதோ ஒன்றைக் கண்டு நம் கண் நகரத் தொடங்குவதற்குச் சுமார் 200 மில்லி நொடி ஆகும். 24 ஃபிரேம் கணக்கில் அது ஏறத்தாழ ஐந்து ஃபிரேம். அதனால் நடிகரின் கண் திரும்பிப் போய் நின்றதும் நாலைந்து ஃபிரேம் விட்டு கட் செய்தால், பார்ப்பவரின் கண் புறப்படுகிற நேரமும் அடுத்த படம் வருகிற நேரமும் ஒன்றாக விழும். கட் விழுந்ததே தெரியாது.

இதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தயங்கிப் பார்ப்பவரை இன்னும் சில ஃபிரேம் வைத்திருக்கலாம். திடுக்கிட்டுத் திரும்புபவரைத் திரும்பும் அசைவிலேயே கட் செய்துவிடலாம். 2008-ல் டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். படம் பார்ப்பவர்களிடம், கட் விழுவதைக் கண்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். அதற்காகவே காத்திருந்தும், அசைவின் நடுவே விழுந்த கட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றை அவர்கள் தவறவிட்டார்கள். நடிகர் திரும்புகிற அசைவும், அவர் எதைப் பார்க்கிறார் என்ற ஆவலும் சேர்ந்தால் ஒரு கட் எவ்வளவு எளிதாக ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இதுவே போதும்.

இனி உங்கள் காட்சி. அம்மா எழுந்து நடப்பதுதான் உங்களுக்குப் பாலம். முதல் பாதி முழுக்கச் சமையலறைப் பக்கத்துக் கேமராவிலேயே இருங்கள், மாஸ்டரும் கையில் இருக்கிறது. அம்மா எழுந்ததும் அவள் போவதை மகள் கண்ணாலேயே தொடர்கிற ஷாட் ஏதாவது இரண்டாம் நாள் ரஷ்ஷில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்கு கட் செய்யுங்கள். அந்த ஷாட் ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்ததாக இருந்தாலும், பார்ப்பவர் நடந்துபோகும் அம்மாவோடு கூடவே போய்க்கொண்டிருப்பார். அம்மா போய் நின்ற பிறகு அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே புதிய கோடு. ஜன்னல் பக்கத்திலிருந்து பார்த்தால் மகள் கேமரா ரைட் லுக், அம்மா கேமரா லெஃப்ட் லுக். பொருந்திவிடும்.

அதன் பிறகு அப்பாவின் முகத்தைக் காட்டாதீர்கள். குரல் மட்டும் வரட்டும். அவர் கத்துகிறார், நாம் அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்ப்பதைப் பார்க்கிறோம்.

நிழல்குடை

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அப்பாவைத் திரைக்கு வெளியே வைத்தால் அவர் இன்னும் பெரிதாகத் தெரிவார். இரண்டு பெண்களும் பேசாமல் பேசிக்கொள்வது காட்சியின் மையமாகிவிடும். ரஷ்ஷிலேயே அது இருந்திருக்கிறது, நடிகர்கள் அதைக் கண்டுபிடித்துச் செய்திருக்கிறார்கள்.

உயரத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். அம்மா நிற்கிறாள், மகள் உட்கார்ந்திருக்கிறாள். மகளின் பார்வை மேலே போக வேண்டும், அம்மாவின் பார்வை கீழே வர வேண்டும். இடவலத்தைச் சரிபார்க்கிற பலரும் இதைக் கோட்டைவிடுகிறார்கள். அம்மா எழுவதற்கு முன் எடுத்த மகளின் குளோஸை அவசரத்துக்கு இங்கே போட்டால், அம்மாவின் இடுப்பைப் பார்த்துப் பேசுவது போல ஆகிவிடும்.

கிளாப்பலகை

நான் உதவி இயக்குநராக இருப்பவன். எடிட் மேசைக்கு வருகிற லுக் பிழைகளில் பெரும்பகுதி எப்படிப் பிறக்கிறது என்று சொன்னால் உபயோகமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

பெரும்பாலும் குளோஸ் எடுக்கும் நேரத்துக்கு எதிர் நடிகர் கிளம்பிப் போயிருப்பார். லுக் கொடுக்க உதவி இயக்குநர் ஒருவரை நிறுத்துவார்கள். அவர் அரை அடி உயரமாக இருந்தால் முழுக் காட்சியும் அரை அடி உயரமாகப் பார்க்கப்படும். இன்னொன்று பிராம்ப்டிங். மொழி தெரியாத நடிகர்களுக்குக் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து வசனம் சொல்லித் தருவார்கள். அடுத்த வரி வேண்டும் என்கிற நொடியில் நடிகரின் கண் தன்னை அறியாமல் வரி சொல்பவர் பக்கம் ஓடும். மானிட்டரில் அது சின்ன அசைவுதான். பெரிய திரையில் அந்தப் பாத்திரம் பொய் சொல்வது போலத் தெரியும்.

நாங்கள் செய்வது, லென்ஸுக்கு முன்னால் மாட்டும் மேட் பாக்ஸின் ஓரத்தில் சின்னதாக டேப் ஒட்டி, பார்க்க வேண்டிய புள்ளியைக் காட்டிவிடுவது. முடிந்தவரை எதிர் நடிகரையே கூப்பிட்டு உட்கார வைக்கச் சொல்லி இயக்குநரிடம் கெஞ்சுவேன். டேப்பைப் பார்க்கிற கண்ணுக்கும் மனிதனைப் பார்க்கிற கண்ணுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மனிதனைப் பார்க்கும்போது கண் நிலையாக நிற்காது. அவருடைய ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு, வாய்க்கு என்று மெல்ல அலைந்துகொண்டே இருக்கும். அந்த அலைச்சல்தான் உயிர்.

தேனிக்காரன்

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துவிட்டு, நான் செய்கிற செங்குத்து வீடியோக்களை மியூட் செய்து பார்த்தேன். ஒன்று கவனித்தேன். செங்குத்து ஃபிரேமில் முகம் பார்க்கிற பக்கம் லுக் ஸ்பேஸ் என்று காலியாக விட இடமே கிடையாது. இரண்டு முகமும் நடுவிலேயே இருக்கும். அகலத் திரையில் ஒருவர் இடது ஓரத்திலும் மற்றவர் வலது ஓரத்திலும் இருப்பதாலேயே யார் யாருக்கு எதிரில் என்று பாதி புரிந்துவிடும். இங்கே அந்த உதவி இல்லாததால், பார்வையின் திசை ஒன்றுதான் இடத்தைச் சொல்கிறது. ஃபோனுக்கு இது தேவையில்லை என்று சொன்னேன், ஃபோனுக்குத்தான் கூடுதலாகத் தேவை போலிருக்கிறது.

வேகமான காட்சிகளுக்கு மட்டும் என் கட்சியை விடமாட்டேன். "மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு" (2015) படத்தில் ஜார்ஜ் மில்லர் முக்கியமானதை ஃபிரேமின் நடுவிலேயே வைக்கச் சொன்னார். எடிட்டர் மார்கரெட் சிக்ஸல் அதை அவ்வளவு வேகமாக வெட்டியும் கண் தடுமாறுவதில்லை. ஒவ்வொரு கட்டிலும் பார்வைக் கோட்டைச் சரிபார்க்க அங்கே நேரம் ஏது?

பழைய மூவியோலா

அது நல்ல எடுத்துக்காட்டு. நீங்கள் சொல்வது மர்ச்சின் அந்த ஏழு சதவீதம், பார்வையாளர் கண்ணின் இருப்பிடம். அங்கே அதற்கு முழு வேலையும் கொடுத்துவிட்டார்கள். கூடவே, வண்டிகள் ஓடுகிற திசையும் தெளிவாக இருக்கிறது. உங்களுக்கு நூறு மார்க்.

மஞ்சள்வெயில்

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே வெட்டிப் பார்த்தேன். அம்மா நடப்பதை மகள் கண்ணால் தொடர்கிற ஷாட் ஒரு டேக்கில் இருந்தது, வசனத்தை மறந்துவிட்டதால் ஒதுக்கி வைத்த டேக். வசனம் எனக்குத் தேவையே இல்லையே! அதன் பிறகு அப்பா குரல் மட்டும்தான். கடைசியில் அவர் அமைதியாகிற ஓரிடத்தில் மட்டும் முகம் வேண்டியிருந்தது. அந்த குளோஸில் பனியனோடு இருக்கிறார், கை ஃபிரேமில் இல்லை, பின்னால் வெறும் சுவர். அதை மட்டும் ஃபிளிப் செய்தேன். இயக்குநரிடம் காட்டினேன். ஃபிளிப் செய்ததைக் கண்டுபிடிக்கவில்லை. அம்மா பாத்திரத்துக்கு இன்னும் ஒரு காட்சி எழுதியிருக்கலாமே என்று வருத்தப்பட்டார்.

இதே படத்தில் மகள் பிறகு வெளியூரிலிருந்து அம்மாவுக்கு ஃபோன் செய்கிற காட்சியும் இருக்கிறது. வேறு வேறு ஊர், வேறு வேறு அறை. அங்கேயும் இடவலம் பார்க்க வேண்டுமா?

ரஷ்பிரிண்ட்

கட்டாயம் இல்லை. ஆனால் ஒருவர் கேமரா ரைட், மற்றவர் கேமரா லெஃப்ட் என்று எடுப்பதுதான் வழக்கம். ஒரே அறையில் எதிரெதிரே இருப்பது போல மனம் எடுத்துக்கொள்ளும். நெருக்கம் வேண்டும் என்றால் அப்படிச் செய்யுங்கள். இருவரும் விலகிப்போகிறார்கள் என்று காட்ட வேண்டுமானால் இரண்டு பேரையும் ஒரே பக்கம் பார்க்க வைத்து வெட்டிப் பாருங்கள். சாப்பாட்டுக் காட்சியில் உங்களைத் தொல்லை செய்த அதே விளைவு இங்கே உங்களுக்காக வேலை செய்யும்.

கிளாப்பலகை

ஒரு சந்தேகம். எதிரில் ஆளே இல்லாத காட்சிகளுக்கு எடிட்டர்கள் என்ன கேட்பீர்கள்? கிராஃபிக்ஸ் பாத்திரம், இரட்டை வேடம் மாதிரி. அடுத்து எனக்கு அப்படி ஒரு படம் வருகிறது.

பழைய மூவியோலா

இரட்டை வேடத்தில் நமக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1940-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் "உத்தம புத்திரன்" படத்தில் பி.யு. சின்னப்பா இரண்டு வேடத்தில் வந்தார், தமிழ்ப் படத்தில் அதுதான் முதல் இரட்டை வேடம். "மைக்கேல் மதன காம ராஜன்" (1990) வரும்போது கமல்ஹாசனுக்கு நான்கு வேடம். மாஸ்க் ஷாட் என்றால் கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு, ஃபிரேமின் ஒரு பாதியை மறைத்து எடுப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னால் சுற்றி மறு பாதியை எடுப்பார்கள். நடிகர் வெற்று இடத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும், அங்கே சற்று முன் தானே எந்த உயரத்தில் நின்றோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு. மாஸ்க் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பார்வை இரண்டு அங்குலம் தப்பினால் இரண்டு பேர் இருப்பதாக யாரும் நம்ப மாட்டார்கள்.

நிழல்குடை

"ஹூ ஃப்ரேம்ட் ராஜர் ராபிட்" (1988) படத்தில் நடந்த ஒன்று உங்களுக்கு உதவும். கார்ட்டூன் பாத்திரங்களின் உயரத்துக்கு ரப்பர் பொம்மைகள் செய்து வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அப்படியும் ஒரு ஷாட்டில் பாப் ஹாஸ்கின்ஸின் பார்வை முயலின் உயரத்துக்கு மேலே போய்விட்டது. படம் எடுத்தாகிவிட்டது, மாற்ற முடியாது. அனிமேட்டர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ராஜரைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நுனிக்காலில் நிற்க வைத்தார்கள். முயலின் முகம் ஹாஸ்கின்ஸின் கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. பயத்தில் அப்படி நிற்கிறது என்று பார்ப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"நான் ஈ" (2012) படத்தில் சுதீப் செய்ததையும் பாருங்கள். ஈ எங்கே இருக்கிறது என்று நமக்குக் காட்டுவது பல இடங்களில் அவருடைய கண்தான். பறக்கிற ஒன்றைத் தொடரும் கண், தாவித் தாவி நின்று பிடிக்கும். அது வழவழவென்று ஒரே சீராக ஓடினால் குச்சியின் நுனியைத் தொடர்கிறார் என்று தெரிந்துவிடும்.

எடிட்டராக நான் கேட்பது இரண்டு. ஒன்று, ஒவ்வொரு செட்டப்பிலும் அந்த இல்லாத ஆளின் உயரத்துக்கு ஒரு குச்சியோ பொம்மையோ வைத்து, நடிகர் இல்லாமல் சில நொடி தனியாக எடுத்துக் கொடுங்கள். இரண்டு, நடிகரின் பார்வைக்குத் தூரமும் சொல்லிக்கொடுங்கள். எதிரில் இருப்பவர் இரண்டு அடியில் இருந்தால் இரு கண்ணும் உள்நோக்கிக் கூடும், இருபது அடியில் இருந்தால் கிட்டத்தட்ட இணையாக நிற்கும். மிட் ஷாட்டில் தெரியாது. குளோஸில் தெரியும், அதைச் சரிசெய்ய என்னிடம் எந்த வழியும் கிடையாது.

கிளாப்பலகை

இரண்டையும் ஷூட்டிங் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன் அக்கா. குச்சிக்கு அடி அளவு குறித்து, பாத்திரத்தின் பெயர் எழுதி, கண் வரும் இடத்தில் சிவப்பு டேப் ஒட்டச் சொல்லப்போகிறேன். நிற்கும்போது ஒன்று, உட்காரும்போது ஒன்று, இரண்டு குச்சி.